துணி ஒட்டிய ஜாஸ்பர் தகடு: பின்பக்கத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள்

இங்கிலாந்தின் பழம்பொருள் சந்தைகளில் வெட்ஜ்வுட் ஜாஸ்பர் (வெட்ஜ்வுட் என்ற ஆங்கிலேயப் பீங்கான் நிறுவனம் செய்யும், வண்ணப் பரப்பில் வெள்ளைப் புடைப்புருவம் ஒட்டிய பளபளப்பில்லாத சுடுமண் பொருள்) வாங்க நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு. படச்சட்டத்துக்குள் அடைத்து, பின்புறம் துணி ஒட்டி மூடிய தகட்டை, துணியைப் பிரித்துக் காட்டாமல் யார் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

எனக்கு ஒரு வியாபாரி விற்றது ‘ஹோமர் தெய்வமாதல்’ என்ற தகடு. நீலப் பரப்பில் வெள்ளைப் புடைப்பு: மேடையில் யாழுடன் பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹோமர், அவர் தலைக்கு மேல் சிறகு விரித்து இறங்கும் வெற்றித் தேவதை நைக்கி. பழம்பொருள் சேகரிப்பாளர் வில்லியம் ஹாமில்டன் சேகரித்த கிரேக்கக் கலயம் ஒன்றின் ஓவியத்தைப் பார்த்து சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் 1778-ல் வடித்த உருவம். வியாபாரி இதையெல்லாம் பிசகாமல் சொன்னார். ஃபிளாக்ஸ்மன் காலத்திலேயே வெட்ஜ்வுட்டின் எட்ரூரியா ஆலையில் சுட்ட தகடு என்று சொன்னது மட்டும் பொய். நான் கொடுத்த பணமோ முழுக்க அந்தப் பொய்க்குத்தான்.

வீட்டில் துணியின் மூலை பிரிந்தது. உள்ளே முத்திரை: நிறுவனத்தின் பெயர், கூடவே ‘மேட் இன் இங்கிலாந்து’. இறக்குமதிப் பொருளில் அது தயாரான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டத்தால் 1891 முதல்தான் ‘இங்கிலாந்து’ என்று பொறிப்பது வழக்கமானது. ‘மேட் இன்’ சேர்ந்தது அதற்கும் பிறகு. வெட்ஜ்வுட் அசல்தான். வயதில்தான் நூறாண்டுக்கு மேல் ஏமாற்று.

முன்பக்கமும் காட்டிக்கொடுக்கும். வெள்ளை உருவங்களைச் சின்ன அச்சுகளில் தனியே அழுத்தி எடுத்து, தண்ணீர் தொட்டு ஒட்டிச் சுடுவார்கள். அந்தக் காலத்து நல்ல வேலைப்பாட்டில், சுடுவதற்கு முன் கைவினைஞர் கருவியால் ஓரங்களைச் செதுக்கியிருப்பார். ஆடை மடிப்பு கூர்மையாக நிற்கும், மெல்லிய இடங்களில் அடிநீலம் கசிந்து தெரியும். 1786-ல் நிறுவனர் ஜோசையா வெட்ஜ்வுட் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அளித்த பெகாசஸ் பூச்சாடியிலும் இதே ஹோமர் காட்சிதான். அதன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். என் தகட்டில் நைக்கியின் இறகுகள் ஒன்றோடொன்று அப்பிக் கிடக்கின்றன, வெள்ளை எங்கும் ஒரே தடிமன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரசீதில் ‘நீல ஜாஸ்பர் தகடு’ என்றுதானே எழுதியிருக்கிறது என்றார். காலத்தைப் பற்றி வாயால் எவ்வளவு அளந்தாலும் காகிதத்தில் ஒரு சொல் கிடையாது, திட்டமிட்டே செய்திருக்கிறார். ஆகவே ‘18-ஆம் நூற்றாண்டு’ என்று ரசீதில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். தயங்கினால் அங்கேயே வைத்துவிட்டு நகருங்கள். அவர் மேசையில் அதே மாதிரி சட்டமும் துணியுமாக இன்னும் சில தகடுகள் இருந்தன.