குடும்பப் பேனலா, பிறப்புக் கோஹார்ட்டா?

பெற்றோரின் வருமானம் பிள்ளைகளின் பிற்கால வருமானத்தை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது? இதுதான் என் ஆய்வுக் கேள்வி. இதற்கு இரண்டு வகைத் தரவுகள் இருந்தன. குடும்பப் பேனலில் ஒரு வீட்டிலுள்ளவர்களை ஆண்டுக்கு ஆண்டு விசாரித்துக்கொண்டே போவார்கள். பிறப்புக் கோஹார்ட்டில் ஒரே சமயத்தில் பிறந்த குழந்தைகளை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்வார்கள். இரண்டிலும் மாதக்கணக்கில் வேலை செய்துவிட்டு நான் பேனல் பக்கம் வந்து சேர்ந்தேன்.

கோஹார்ட்டின் பலம் வெளிப்படை. பிரிட்டனின் 1958 கோஹார்ட்டில் அந்த ஆண்டு மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த சுமார் 17,000 பேர் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே வயது. பிறப்பு எடை, கர்ப்பக் காலத்தில் தாய் புகைபிடித்தாரா என்பது வரை பதிவாகியிருக்கிறது. பேனலில் குறிப்பிட்ட ஒரு வயதுக்குச் சில நூறு பேர் தேறினாலே அதிகம்.

சரி, வருமானத்துக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை எல்லாம் இங்கேதான் முடிவானது. அந்தக் கோஹார்ட்டில் பெற்றோரின் வருமானத்தைப் பிள்ளைகளுக்கு 16 வயதான 1974இல்தான் கேட்டார்கள், அதுவும் தொகை வரம்புகளாக. அந்த ஆண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் மின்சாரத்தை மிச்சப்படுத்த வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்ற கட்டுப்பாடு இருந்தது. பேட்டிகளில் ஒரு பகுதி அந்த மாதங்களிலேயே நடந்தது. சம்பளம் குறைந்திருந்த ஒருவர் அன்றைய தொகையைச் சொல்லியிருந்தால், அதுவே அந்தக் குடும்பத்தின் நிலை என்று தரவில் நின்றுவிடும்.

நெருக்கடி இல்லாத காலத்திலும் ஓராண்டு வருமானம் ஏமாற்றும். ஒரு வருடம் மிகைநேர வேலை கிடைக்கும், மறு வருடம் நோயில் படுத்திருப்பார். இந்த ஏற்ற இறக்கம் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உள்ள தொடர்பை உண்மையைவிடச் சிறிதாகக் காட்டும். அமெரிக்கப் பொருளியலாளர் கேரி சோலன் 1992இல் இதைத் தெளிவாகக் காட்டினார். அதுவரை அமெரிக்காவில் தந்தை–மகன் வருமானத் தொடர்பு 0.2 அல்லது அதற்கும் கீழே என்று சொல்லிவந்தார்கள். ஓராண்டு வருமானத்தை வைத்துக் கணக்கிட்டதும், ஒரே மாதிரியான ஆட்களைக் கொண்ட மாதிரிகளைப் பயன்படுத்தியதும் அதற்குக் காரணங்கள். 1968இல் தொடங்கிய பி.எஸ்.ஐ.டி. என்ற குடும்பப் பேனலை வைத்து அவர் பார்த்தபோது அது 0.4 அல்லது அதற்கு மேல் என்று வந்தது. அதாவது, தந்தையின் வருமானம் 10 சதவீதம் கூடினால் மகனுடையது சராசரியாக 4 சதவீதம் கூடுகிறது. எவ்வளவு பெரிய வித்தியாசம்! சமூகத்தில் மேலே வரும் வழி திறந்திருக்கிறதா, அடைந்திருக்கிறதா என்ற முடிவே இதில் மாறிவிடும்.

நானும் பேனல் தரவில் முதலில் தந்தையின் ஓராண்டு வருமானம், அப்புறம் மூன்றாண்டுச் சராசரி, பிறகு ஐந்தாண்டுச் சராசரி என்று போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் தொடர்பு வலுத்தது. கோஹார்ட்டில் இதைச் செய்யவே வழியில்லை. இன்னொரு வசதியும் உண்டு. வீட்டைவிட்டுப் போகும் பிள்ளைகளையும் பேனல் பின்தொடர்வதால் அவர்களின் புதிய வீடும் ஆய்வுக்குள் வந்துவிடுகிறது. தந்தை, மகள் இருவரின் வருமானமும் ஒரே கேள்வித்தாள் வழியே கிடைக்கிறது.

பேனலுக்கும் விலை உண்டு. ஆண்டுகள் போகப்போக ஆட்கள் விலகுவார்கள். அடிக்கடி வீடு மாறுபவர்கள் முதலில் நழுவுவார்கள். எடையிடல், அதாவது எஞ்சியிருப்பவர்களில் விலகியவர்களைப் போன்றவர்களுக்குக் கணக்கில் கூடுதல் எடை கொடுப்பது, இதை ஓரளவுதான் சரிக்கட்டும். பி.எஸ்.ஐ.டி. 1997க்குப் பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறை என்று ஆகிவிட்டதால் வருமானத் தொடரில் இடைவெளிகளும் விழுகின்றன. 2009இல் சுமார் 40,000 வீடுகளுடன் தொடங்கிய பிரிட்டனின் அண்டர்ஸ்டாண்டிங் சொசைட்டி பேனலில் ஆள் எண்ணிக்கைக் குறை பெரிதும் தீர்ந்தது. ஆனால் அன்று பத்து வயதாக இருந்தவர்கள் நாற்பதை எட்ட 2039 ஆகும். இருபதுகளின் சம்பளம் ஒருவரின் வாழ்நாள் சம்பாத்தியத்தைச் சரியாகக் காட்டாது என்பதால், அந்தத் தரவில் வரும் முடிவுகளை இப்போதைக்கு அடக்கித்தான் சொல்கிறேன்.

குழந்தைப் பருவ உடல்நலம் நடுவயதில் எப்படி வெளிப்படுகிறது என்பது உங்கள் கேள்வியானால் கோஹார்ட்டே பொருத்தம் என்று நினைக்கிறேன். அந்தத் துறையில் எனக்கு அனுபவம் குறைவு. எதை எடுத்தாலும், பெற்றோரின் வருமானம் எத்தனை சுற்றுகளில் கேட்கப்பட்டிருக்கிறது என்று கேள்வித்தாள்களை விரித்து முதல் நாளே எண்ணிவிடுங்கள். நான் மூன்றாவது மாதத்தில்தான் எண்ணினேன்.