பெல்ட்டா, பதக்கமா, பயிற்சிக் களமா: தேர்ந்த தற்காப்புக் கலைஞரை எதைக் கொண்டு அறிவது?

ஒரு தற்காப்புக் கலைஞரின் தேர்ச்சியை எடைபோட, இடுப்பில் கட்டியிருக்கும் பெல்ட், போட்டிகளில் பெற்ற வெற்றிகள், தனியாகச் செய்து காட்டும் கட்டா எனும் வரையறுத்த அசைவுத் தொடர், பயிற்சியில் எதிராளியோடு மோதும் விதம் என நான்கு அளவுகோல்கள் வழக்கத்தில் உள்ளன. ஆசானைத் தேடுகிறவர்களில் பலர் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் அந்த இரண்டும் மறைத்துவிடக்கூடியதைக் கடைசி அளவுகோல் வெளிப்படுத்திவிடும் என்பதே என் உறுதியான கருத்து.

1882இல் ஜூடோவின் தலைமைப் பள்ளியான கோடோகானை நிறுவிய ஜிகோரோ கானோ, மறு ஆண்டே தம் மாணவர்கள் இருவருக்கு முதல் டான் தகுதியை (மேல்நிலைப் படிகளில் முதலாவது; இன்று கருப்பு பெல்ட்டுக்கு உரியது) வழங்கினார். இன்று வெவ்வேறு கலைகளும் டான் தகுதிகளை வழங்கினாலும், அவை ஒரே மதிப்புடையவை அல்ல. மூங்கில் வாளால் மோதும் ஜப்பானியக் கலையான கெண்டோவில் எட்டாம் டான் தேர்வில் பங்கேற்க 46 வயது நிறைந்திருக்க வேண்டும், ஏழாம் டான் பெற்றுப் பத்து ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். அப்படியும் தேர்வுக்கு வருவோரில் மிகச் சிலரே தேறுகிறார்கள். தரையில் பிடிபோட்டு மோதும் கலையான பிரேசிலிய ஜியு ஜிட்சுவில் கருப்பு பெல்ட்டை எட்டப் பெரும்பாலும் பத்தாண்டுகள் வரை ஆகின்றன. வேறு சில பள்ளிகளிலோ அதே நிறம் மூன்று, நான்கு ஆண்டுகளில் கிடைத்துவிடுகிறது. ஆகவே அதை வழங்கியவர் யார், எந்தத் தேர்வின் பேரில் வழங்கினார் என்பது தெரியாத வரை, பெல்ட் ஒருவர் எத்தனை காலம் பயின்றார் என்பதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்லாது.

போட்டி வெற்றி இதைவிட வலுவான சான்று. எதிர்த்து நிற்பவர் ஒத்துழைக்க மாட்டார். பார்வையாளர் முன்னிலையில் பாசாங்கு எடுபடாது. ஜப்பானிய ஜூடோ வீரர் யாசுஹிரோ யமாஷிதா 1985இல் ஓய்வு பெறும் வரை தொடர்ச்சியாக 203 வெற்றிகளைக் குவித்தவர். அந்தப் பட்டியலுக்கு முன் எந்த விவாதமும் நிற்காது. ஆனால் ஒவ்வொரு வெற்றியும் ஒரு விதிமுறைக்குள் பெற்ற வெற்றி. 1993இல் நடந்த முதல் யூஎஃப்சி போட்டியில் (வெவ்வேறு கலைகளைச் சேர்ந்தவர்கள் மோதும் போட்டி) பிரேசிலிய ஜியு ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரை வென்றதற்கு அவருடைய திறமை எவ்வளவு காரணமோ, தரையில் கிடந்து பூட்டுப் போடும் முறை எதிராளிகளுக்குப் பெரிதும் பழக்கமில்லாதிருந்ததும் அவ்வளவு காரணம்.

இன்னும் கூர்மையான சான்று டோக்கியோ ஒலிம்பிக்கில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் நடந்த 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆடவர் கராத்தே இறுதிச்சுற்றில், 4-1 என முன்னிலையில் இருந்த சவூதி வீரர் தாரிக் ஹமிதி தலையை நோக்கி விட்ட உதையில் ஈரானின் சஜாத் கஞ்சாதே நினைவிழந்து சரிந்தார். கட்டுப்பாடற்ற தாக்குதல் என்று ஹமிதி தகுதிநீக்கம் செய்யப்பட, தங்கம் கஞ்சாதேவுக்குப் போனது. முடிவு அநீதி என்று பலர் கொதித்தார்கள். நான் நடுவர்களின் பக்கம். வலுவோடு அடிப்பதைப் போலவே, அடியை எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிவதையும் அந்தக் கலை தேர்ச்சியின் பாதியாக வைத்திருக்கிறது. எனினும் பதக்கப் பட்டியலை மட்டும் படிப்பவருக்கு இவற்றில் எதுவும் தெரிய வராது.

கட்டாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிலை, சமநிலை, மூச்சு, இடுப்பிலிருந்து விசை கை வரை போய்ச் சேரும் ஒழுங்கு ஆகியவற்றை அது துல்லியமாகக் காட்டும். தூரத்தைக் கணிப்பதையும், எதிர்பாராததைச் சமாளிப்பதையும் காட்டாது.

இவை எல்லாம் பயிற்சி மோதலில்தான் ஒன்றாக வெளிப்படுகின்றன. அதுவும் ஒருவர் தமக்குச் சமமானவரோடு மோதும்போது பார்ப்பதைவிட, தம்மைவிட மெலிந்தவரோடோ புதியவரோடோ மோதும்போது பார்ப்பதே மேல். ஜூடோவில் ஒருவரைத் தூக்கி எறியும் நொடியில் எறிபவரின் கையைக் கவனியுங்கள். தேர்ந்தவர் எதிராளியின் சட்டைக் கையை விடாமல் மேல்நோக்கி இழுத்துப் பிடித்திருப்பார். அதனால் விழுபவர் தலை அடிபடாமல் பக்கவாட்டில் விழுந்து, மறு கையால் பாயைத் தட்டி அதிர்வைத் தணித்துக்கொள்வார். அரைகுறையாகக் கற்றவர் எறிந்ததும் கையை விட்டுவிடுவார், அல்லது தாமும் அவர் மேல் சரிந்துவிடுவார். எறிதல் இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்; முழுச் சமநிலையும் தம் கையில் இருந்தவரால் மட்டுமே அந்தச் சட்டைக் கையைக் கடைசி வரை பிடித்திருக்க முடியும்.

குத்தும் உதையும் முதன்மையான கலைகளில் தோளையும் பாதத்தையும் பார்க்க வேண்டும். கற்றுக்குட்டி குத்துவதற்கு முன் தோளை உயர்த்தித் தம் எண்ணத்தை அறிவித்துவிடுவார். தேர்ந்தவருக்கு அந்த முன்னறிவிப்பு இராது. அடி தவறினாலும் அவருடைய பாதங்கள் உடனே அடுத்த அடிக்கு ஏற்ற இடத்தில் வந்து நின்றிருக்கும். கெண்டோ இதை விதியாகவே ஆக்கியிருக்கிறது: வாள் இலக்கில் பட்ட பின்பும் விழிப்பு குறையாதிருந்தால்தான் அது புள்ளி, வெற்றிக் களிப்பில் கையை உயர்த்தினால் கொடுத்த புள்ளியையும் திரும்பப் பெற்றுவிடலாம்.

முதுமையாலோ காயத்தாலோ மோத இயலாத ஆசான்களுக்கு இந்த அளவுகோல் நேரடியாகப் பொருந்தாது. அங்கே அவர் சில ஆண்டுகள் பயிற்றுவித்த நடுத்தர மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுவதைப் பார்க்கலாம். எங்கும் இருக்கக்கூடிய அபூர்வத் திறமைசாலியை விட்டுவிட்டு, சாதாரண மாணவரின் சட்டைக் கைப்பிடியையும் பாத நிலையையும், எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டு பாயைத் தட்டிய கணமே பிடியை விடுகிறாரா என்பதையும் கவனித்தால் ஆசானின் தரம் தெரிந்துவிடும்.