புகையானுக்கு மருந்தா, சிலந்தியா? சூடேறும் காலத்தில் என் தேர்வு

நெல் தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு நாள் கணக்கு வைத்து மருந்தடித்துவந்தவன் நான். கடந்த மூன்று போகமாக அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டு, அதைத் தின்னும் சிலந்தியையும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும் நம்பி நெல் வைக்கிறேன். இரண்டையும் செய்து பார்த்ததில், என் சாய்வு சிலந்திப் பக்கம்தான்.

மருந்தின் வசதி தெரிந்ததே. அடித்த மறுநாளே பூச்சி செத்துத் தண்ணீரில் மிதக்கும், மனசு ஆறும். சிலந்தியை நம்பினால் பொறுமை வேண்டும், தினமும் குனிந்து தூரைப் பார்க்க வேண்டும்.

என்னை மாற்றியது வெயில். பூச்சியின் உடல் வேகத்தை வெளிச்சூடுதான் தீர்மானிக்கிறது. ஓரளவுவரை சூடு ஏற ஏற முட்டை சீக்கிரம் பொரிக்கும், குஞ்சு சீக்கிரம் வளரும், ஒரே போகத்தில் தலைமுறைகள் நெருங்கி வரும். புவியின் சராசரி வெப்பம் 1 டிகிரி கூடினால் நெல், கோதுமை, மக்காச்சோளத்தில் பூச்சியால் வரும் இழப்பு இன்றைய அளவைவிட 10 முதல் 25 சதவீதம் அதிகமாகும் என்று 2018-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது.

இதில் மருந்து தோற்கும் இடம் ஒன்று உண்டு. புகையான் முட்டையை இலையுறைக்குள் கீறி வைக்கிறது, தெளிப்பு அங்கே எட்டாது. தாய்ப்பூச்சி சாகும், கூடவே சிலந்தியும் சாகும், முட்டை மட்டும் பிழைக்கும். ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சு வெளிவரும்போது வயலில் அதைத் தின்ன ஆள் இருக்காது. செயற்கைப் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து அடித்த வயல்களில் புகையான் முன்னைவிடப் பெருகுவது பழைய பாடம். 1986-ல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்ததும் அதனால்தான். சூடு கூடினால் அந்த ஒரு வார இடைவெளியும் சுருங்கும், நாம் அடுத்த தெளிப்புக்கு ஓட வேண்டும். மிரிட் பூச்சியோ உறைக்குள் இருக்கும் முட்டையையே உறிஞ்சித் தின்கிறது. வெப்பம் 32 டிகிரி வரை ஏறும்போது அதன் வேட்டையும் வேகமெடுக்கிறது. வெயிலோடு சேர்ந்து வேகம் கூடுவது மருந்துப் புட்டிக்கு வராத குணம்.

35 டிகிரியில் மிரிட்டின் வேட்டையும் தளர்கிறது. அப்படி நீண்ட வெப்ப அலையை என் மூன்று போகங்கள் சந்திக்கவில்லை, அதனால் அங்கே நான் உறுதி தர மாட்டேன். தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சிக்கும் இந்த முறை போதுமென்று சொல்ல என் அனுபவம் பத்தாது.

புகையானைத் தாங்கும் எதிர்ப்பு ரகம் மட்டும் போதுமே என்பவர்களுக்கு: 1973-ல் வந்த ஐஆர் 26 நெல் ரகத்தின் எதிர்ப்பைப் புகையான் சில ஆண்டுகளிலேயே உடைத்துவிட்டது. ரகத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், முழுப் பாரத்தையும் அதன் தலையில் ஏற்றக் கூடாது.

நான் மருந்தை அடியோடு விடவில்லை. குத்துக்கு (ஓரிடத்தில் நட்ட நாற்றுக் கொத்துக்கு) ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு (அதில் கிளைக்கும் ஒவ்வொரு தண்டுக்கும்) 2 புகையான் வரை பொறுப்பேன். சிலந்தியே இல்லையென்றால் தூருக்கு ஒன்று கண்டாலே தெளிப்பானை எடுப்பேன். அதற்கு முன் தண்ணீரை வடித்து, யூரியாவை நிறுத்திப் பார்ப்பேன்.