15 ஆண்டுகளாக பாக் கேட்டதில் தேய்ந்தவையும் தேயாதவையும்

2010-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு சி.டி. வாங்கினேன். ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கின் புகழ்பெற்ற படைப்புகளிலிருந்து 18 துண்டுகளை எடுத்துச் சேர்த்த தொகுப்பு. அட்டையில் ஏரி, ஏரியில் ஒரு படகு. பின்னட்டையில் 'மன அமைதிக்கும் நல்ல உறக்கத்துக்கும்' என்ற வரி. என்னை அதை வாங்க வைத்தவர் இளையராஜா. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக அவர் 1986-இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பில், பாக்கின் மூன்றாம் வயலின் பார்ட்டீட்டாவின் (பல பகுதிகள் சேர்ந்த தனி வயலின் படைப்பு) முன்னிசை வந்து போகும். அந்த வயலின் ஓட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனவன்தான் நான்.

அந்த சி.டி. கீறல் விழுந்து எப்போதோ நின்றுபோனது. அதிலிருந்த படைப்புகளை முழுப் பதிவுகளாகத் தேடி வாங்கி இன்றுவரை கேட்டுவருகிறேன். புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு எது நாள்பட நிற்கிறது என்று சொல்லும் அளவுக்கு அனுபவம் சேர்ந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

வேறு வேலை செய்துகொண்டே ஓடவிட்டால் பாக் ஓராண்டில் தேய்ந்துவிடுவார். எனக்குத் தேய்ந்தார். 'ஏர்' என்ற துண்டு அப்படித்தான் போனது. மூன்றாம் ஆர்கெஸ்ட்ரா சூட்டின் (சூட் என்பதும் பல பகுதிகள் சேர்ந்த தொகுதிதான்) இரண்டாம் பகுதி அது. திருமண மண்டபம், விளம்பரம், மருத்துவமனைக் காத்திருப்பு அறை என்று எங்கும் ஒலித்து அலுத்துப்போன இசை. 2012 வாக்கில் அது வந்தாலே அடுத்ததற்குத் தாவிவிடுவேன்.

அதைத் திருப்பிக் கொடுத்தது ஒரு பழுதான ஹெட்போன். இடப்பக்கம் ஒலி செத்துவிட்டது. ஆர்கெஸ்ட்ராக்களில் பெரும்பாலும் முதல் வயலின்காரர்கள் இடப்பக்கமும், வயலினைவிடப் பெரிய, கீழ்ச் சுரங்களில் ஒலிக்கும் செல்லோவை வாசிப்பவர்கள் வலப்பக்கமும் அமர்வார்கள். எனவே ரயிலில் அன்று எனக்குக் கிடைத்தது அடிக்குரல் மட்டும். கவனித்துப் பாருங்கள்: 'ஏர்' தொடங்கும்போது மேலே வயலின் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து நீட்டிக்கொண்டு நிற்கிறது. முதல் அளவு (நம் தாள ஆவர்த்தனம் போன்றது) முழுக்க அதே சுரம். அசைவு எல்லாம் கீழேதான். செல்லோ ஒரு சுரத்தைத் தொட்டு, அதையே வேறு ஸ்தாயியில் மீண்டும் தொட்டு, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி வருகிறது. மேலே நிற்கும் அந்த ஒற்றைச் சுரம் அசையாமலேயே, கீழ்ப்படி மாற மாற, வேறு வேறு நிறம் கொள்கிறது. இரண்டு ஆண்டுகள் கேட்டும் இது என் காதில் விழவே இல்லை. ஒற்றை மெலடியையே தொடர்ந்து பழகிய நமக்கு மேல்குரல்தான் பாட்டு என்று தோன்றுவது இயல்பு. பாக்கிடம் அந்தப் பழக்கத்தைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். எந்தப் படைப்பானாலும் ஒருமுறை அடிக்குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். என் 15 ஆண்டு அனுபவத்தில் பிறருக்குக் கொடுக்கத் தகுந்த யோசனை இது ஒன்றுதான்.

அந்த சி.டி.யின் மேல் எனக்கு ஒரு பெரிய மனத்தாங்கல் உண்டு. இரண்டாம் வயலின் பார்ட்டீட்டாவின் கடைசிப் பகுதியான 'சக்கோன்' அதில் ஆறாவது நிமிடத்தில் ஒலி மங்கி முடிந்துவிடும். முழுதாக வாசித்தால் ஏறக்குறைய 14 நிமிடம் வரும் படைப்பு. ஒரே வயலின், குறுகிய ஓர் அடிப்படை வரிசை மீண்டும் மீண்டும் வர, அதன்மேல் மாறுதல்கள் அடுக்கப்படுகின்றன. முதல் பாதி முழுக்க மைனர் என்ற சோகச் சாயல் கொண்ட சுர அமைப்பில் இறுகிக் கிடக்கும். சரியாக நடுவழியில், சத்தம் அடங்கி, வெளிச்சமான மேஜருக்குத் திரும்பும். பூட்டிய வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்தது போல இருக்கும். சில நிமிடங்களில் மறுபடியும் மைனர். எனக்குக் கிடைத்த துண்டில் அந்த ஜன்னல் திறப்பதற்குள் கதையே முடிந்துவிட்டது. அப்படி ஒரு திருப்பம் இருப்பதே மூன்று ஆண்டுகள் தெரியாமல் இருந்தேன். அந்த ஆதங்கம் இன்னும் தீரவில்லை. ஆகவே வாங்கும்போது நிமிடக் கணக்கைப் பாருங்கள். 14 நிமிடப் படைப்பு ஆறு நிமிடமாக இருந்தால் தொடாதீர்கள்.

சக்கோன் அடங்கிய வயலின் தொகுதியின் கையெழுத்துப் பிரதியில் 1720 என்று இருக்கிறது. அந்த ஆண்டு ஜூலையில், தன் எஜமானர் இளவரசர் லியோபோல்டுடன் கார்ல்ஸ்பாட் நகருக்குச் சென்றிருந்த பாக் வீடு திரும்பியபோது, மனைவி மரியா பார்பரா இறந்து அடக்கமும் முடிந்திருந்தது. அவர் நினைவாகவே சக்கோனை எழுதினார் என்பதற்குச் சான்று இல்லை. ஆனாலும் அந்த ஆண்டு எண்ணைப் பார்த்த பிறகு, வீட்டு வேலைகளுக்கு நடுவே அதை ஓடவிட எனக்கு மனம் வரவில்லை. ஆண்டுக்கு நான்கைந்து முறை, உட்கார்ந்து கேட்கிறேன்.

தினசரிப் பயன்பாட்டுக்கு என்றால் செல்லோ சூட்கள். ஆறு சூட்கள், பாக்கின் கைப்பிரதி கிடைக்கவில்லை, இரண்டாம் மனைவி அன்னா மக்தலேனா எழுதிவைத்த நகல் கிடைத்திருக்கிறது. முதல் சூட்டின் முன்னிசை 42 அளவுகள்தான். தொடக்கத்தில் ஒவ்வோர் அளவும் அடியில் ஒலிக்கும் 'ஜி' தந்தியைத் தொட்டுத்தான் மேலே எழும்பும். தம்புரா வேலையை அந்த ஒற்றைத் தந்தி தானே செய்துகொள்கிறது. பாதி வழியில் ஒரு சுரத்தில் சற்று நின்று மூச்சு வாங்கும். அந்த இடத்தில் வாசிப்பவர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதை வைத்தே அந்தப் பதிவு எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று சொல்லிவிடுவேன். 1936-க்கும் 1939-க்கும் இடையே செல்லோ கலைஞர் பாப்லோ கசால்ஸ் பதிவுசெய்தது இரைச்சல் நிறைந்தது. ஆனால் பாதையில்லாத காட்டில் வழி வெட்டிக்கொண்டு போகிறவரின் வேகம் அதில் இருக்கிறது. அன்னர் பில்ஸ்மாவின் 1979 பதிவு பழைய பாணி செல்லோவில் வாசித்தது, பேச்சுக்கு நெருக்கமானது. பழைய பாணிப் பதிவுகளில் சுருதி பெரும்பாலும் அரைக் கட்டை குறைவாக இருக்கும். சுருதி ஞானம் உள்ளவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் தடுமாறுவார்கள். பதிவில் கோளாறு என்று எண்ணிவிட வேண்டாம்.

'கோல்ட்பெர்க் மாறுதல்கள்' 1741-இல் அச்சானது. ஏரியா என்ற ஒரு தொடக்கப் பகுதி, 30 மாறுதல்கள், மீண்டும் அதே ஏரியா. உறக்கம் வராத பிரபு ஒருவருக்காக எழுதியது என்ற பழைய கதையை நம்பி, நானும் சில மாதங்கள் படுக்கையில் கேட்டேன். தவறான உபயோகம். இந்த 30 மாறுதல்களும் ஏரியாவின் மெலடியின்மேல் கட்டப்பட்டவை அல்ல, அதன் அடிக்குரலின்மேல் கட்டப்பட்டவை. அரைத் தூக்கத்தில் அது பிடிபடாது. பியானோ கலைஞர் கிளென் கூல்ட் இதை 1955-இலும் 1981-இலும் பதிவுசெய்தார். முதலாவது 38 நிமிடம், அடுத்தது 51 நிமிடம். இளமையில் வேகமான பதிவு பிடித்தது. இப்போது பின்னதைத்தான் எடுக்கிறேன். இரண்டிலும் வாசிப்போடு அவர் முனகுவது கேட்கும். அது சிலருக்கு ஒவ்வாது. செயலிகளில் கேட்பவர்கள் துண்டுக்கும் துண்டுக்கும் இடைவெளி விழாதபடி அமைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் படைப்பில் ஓர் இடைவெளியின் நீளம்கூட வாசிப்பின் பகுதிதான்.

பிராண்டன்பர்க் கச்சேரிகள் ஆறும் ஞாயிறு காலைக்கு. ஐந்தாவதில், வழக்கமாகப் பின்னால் துணை வாசிக்கும் ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியம்), முதல் பகுதியின் முடிவில் மற்றவர்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ளத் தனி ஆவர்த்தனம் போல நீண்டதொரு வாசிப்பை எடுக்கும். கேட்டுக் கேட்டும் அலுக்காத இடம். 

ஆர்கனில் முழங்கும் டி மைனர் டொக்காட்டாவை நான் விட்டு நாளாகிறது; அது பாக் எழுதியதுதானா என்றே சில ஆய்வாளர்கள் ஐயப்படுகிறார்கள். பியானோ கற்கும் குழந்தைகள் எல்லாம் வாசிக்கும் ஜி மேஜர் மினுவெட் கிறிஸ்டியான் பெட்ஸோல்டுடையது. என் சி.டி. அதையும் பாக் பெயரில்தான் போட்டிருந்தது.

இயேசுவின் துன்பங்களைப் பாடும் 'மத்தேயு பாடுகள்' எனக்குக் கடைசியாகக் கைவந்தது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீளும். இரண்டு பாடகர் குழு, இரண்டு ஆர்கெஸ்ட்ரா. ஜெர்மன் தெரியாமல் மூன்று முறை தொடங்கிப் பாதியில் விட்டேன். நான்காம் முறை மத்தேயு நற்செய்தியின் 26, 27-ஆம் அதிகாரங்களைத் தமிழில் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சேவல் கூவியதும் பேதுரு வெளியே போய் மனம் கசந்து அழுகிறான் என்ற வரி முடிகிறது. உடனே ஒரு வயலின் தொடங்குகிறது, அதன் பிறகு ஆல்ட்டோ குரல் இரங்கும்படி வேண்டுகிறது. அழுகை அங்கே வயலினில்தான் இருக்கிறது. வார்த்தை தெரிந்து கேட்ட அன்று என்னால் அடுத்த பகுதிக்குப் போக முடியவில்லை, நிறுத்திவிட்டேன்.

போன மாதம் 'ஏர்' வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. இளவயதில் பாட்டு கற்றவர் என் அம்மா. மேற்கத்திய இசையில் பெரிய ஈடுபாடு இல்லை. அவரைக்காய் நறுக்கிக்கொண்டே முனகினார். அருகில் போய்க் கேட்டேன். வயலினை விட்டுவிட்டு, கீழே படியிறங்கும் செல்லோவைத்தான் பாடிக்கொண்டிருந்தார். "இதுதானே பாட்டு?" என்று கேட்டுவிட்டு நறுக்கத் தொடங்கினார்.