டர்போ டீசல் ஜீப்புக்கு இன்டர்கூலர்: முன்னாலா, மேலேயா, தண்ணீரிலா?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் மே மாதச் சென்னை ஓஎம்ஆர் டிராஃபிக்கையும் ஒரே ஜீப்பில் சமாளிக்க நினைப்பவர்களுக்கு இன்டர்கூலர், அதாவது டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றை இன்ஜினுக்குள் போகுமுன் குளிர்விக்கும் கூலர் பற்றிய பேச்சு வந்தே தீரும். கம்பெனியிலிருந்து இன்டர்கூலரே இல்லாமல் வந்த, அல்லது பேருக்கு ஒரு சின்னதோடு வந்த 2.5 லிட்டர் அளவு டர்போ டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வழிகள் மூன்று: இன்ஜினுக்கு மேலே பானட் அடியில் வைப்பது, கிரில்லுக்குப் பின்னால் ரேடியேட்டருக்கு முன்னால் வைப்பது, தண்ணீர் ஓடும் கூலர் வைப்பது. நான் தேர்ந்தெடுத்தது முன்னால் வைப்பதை. என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. வெளிக்காற்று 40 டிகிரி, பூஸ்ட் (டர்போ கூட்டும் அழுத்தம்) 1 பார், டர்போ கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், டர்போவை விட்டு வெளியே வரும் காற்று ஏறக்குறைய 138 டிகிரி இருக்கும். 70 சதவீதம் திறனுள்ள இன்டர்கூலர் அதை 70 டிகிரிக்குச் சற்றுக் கீழே கொண்டுவரும். காற்றின் அடர்த்தி 20 சதவீதம் கூடும், கூலரின் கோருக்குள் (குழாய்களும் ஃபின்களும் சேர்ந்த நடுப்பகுதி) 0.1 பார் அழுத்தம் போனால் அதில் ஒரு 5 சதவீதம் கழியும். 2500 ஆர்பிஎம்மில் முழு மிதி மிதிக்கும்போது இந்தக் காற்றிலிருந்து வெளியேற்ற வேண்டிய வெப்பம் 6 கிலோவாட்டுக்கு மேல். அந்த 6 கிலோவாட் எந்த வழியாக வண்டியை விட்டு வெளியே போகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மேலே வைப்பதை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். பைப் நீளம் குறைவு, பிக்கப்பில் தாமதம் இல்லை, ரேடியேட்டருக்கு வரும் காற்றை மறைக்காது, தண்ணீரில் இறங்கினாலும் கூலர் உயரத்தில் இருக்கும். ஆனால் அது உட்கார்ந்திருப்பது இன்ஜின் தலைக்கு மேல். மத்திய கைலாஷ் சிக்னலில் நாலு நிமிடம் நின்றால் கூலரே அடுப்பில் வைத்தது போல் ஆகிவிடும். அதன் மேல் படும் காற்று 70 டிகிரி என்றால், அதே 70 சதவீதக் கூலரிலிருந்து 90 டிகிரி காற்றுதான் வெளியே வரும். மெதுவாக மலை ஏறும்போது பானட் ஸ்கூப்பில் காற்று நுழைவதே குறைவு, அதனால் ஃபேன் ஒன்று கட்டாயம். பானட்டை வெட்டினால் மழைத் தண்ணீர் வடிய வழியும் செய்ய வேண்டும். கம்பெனியே மேலே வைத்துக் கொடுத்த வண்டி என்றால் அதே இடத்தில் இன்னும் நல்ல கோரும் ஃபேனும் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். இல்லாத வண்டியில் புதிதாக அங்கே வைக்க வேண்டியதில்லை.

தண்ணீர் வழி பார்க்க அழகு. பானட்டுக்குள் கைக்கு அடக்கமான ஒரு கூலர், 12 வோல்ட் பம்ப், ஒரு டேங்க், முன்னால் தனியாக ஒரு குட்டி ரேடியேட்டர். பம்ப் நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளினால், 6 கிலோவாட் வெப்பத்தை வாங்கியும் தண்ணீர் 4, 5 டிகிரிதான் சூடாகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டேங்கில் இருப்பது மொத்தம் 5 லிட்டர் என்றால், முன் ரேடியேட்டர் வேலை செய்யாத நிலையில் அந்தத் தண்ணீர் நொடிக்கு 0.3 டிகிரி ஏறும். ஒன்றரை நிமிடத்தில் 27 டிகிரி. சில நொடி மட்டும் மிதித்து விட்டுவிடுகிற பெட்ரோல் கார்களுக்கு இது பிரமாதமாகப் பொருந்தும். ஏற்றத்தில் பத்து நிமிடம் ஒரே மிதியில் போகிற டீசலுக்கு வெப்பம் கடைசியில் முன்பக்கம் வந்துதான் வெளியேற வேண்டும். ரேடியேட்டரின் காற்றை மறைக்காமல் தப்பிக்கலாம் என்று நினைத்து வாங்கினால், முன்னால் ஒரு தகடு நின்றே ஆகும். நடுவில் தண்ணீர் என்ற ஒரு கட்டம் கூடியதுதான் மிச்சம்.

இதைவிடப் பெரிய காரணம் பராமரிப்பு. என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது இந்த ஒன்றுதான். குளிர்ச்சியில் ஐந்து பத்து டிகிரி வித்தியாசத்தை எந்தப் பக்கமும் பேசி நியாயப்படுத்தலாம்.

காற்றுக் கூலர் கெட்டால் வண்டியே சொல்லிவிடும். ஹோஸ் கழன்றால் கறுப்புப் புகை, உஸ் என்ற சத்தம், பிக்கப் செத்துப்போகும். எந்த ஊர் மெக்கானிக்கும் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்து, கிளாம்ப்பை இறுக்கி அனுப்பிவிடுவார். தண்ணீர் கூலரில் பம்ப் நின்றால் ஒரு சத்தமும் இருக்காது. ஃபியூஸ் போயிருக்கலாம், ரிலே கெட்டிருக்கலாம், ஹோஸில் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் ஓடாமல் இருக்கலாம். உள்ளே போகும் காற்றின் வெப்பத்தையோ எக்ஸாஸ்ட் வெப்பத்தையோ காட்டும் கேஜ் இல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியாது. அதைவிட மோசம் கூலருக்குள்ளேயே கசிவது. ஓடும்போது பூஸ்ட் அழுத்தம் அதிகம் என்பதால் காற்று தண்ணீருக்குள் போகும், டேங்கில் குமிழி வரும். இன்ஜினை அணைத்த பிறகு தண்ணீர் திரும்ப இன்டேக் பக்கம் இறங்கும். காலையில் சாவி திருப்பும்போது சிலிண்டரில் தண்ணீர் நின்றால், டீசல் இன்ஜின் அதை அழுத்தப் பார்த்து கனெக்டிங் ராடையே வளைத்துக்கொள்ளும். டேங்க் மூடியைத் திறந்து குமிழி பார்ப்பதை வாராவாரம் விடாமல் செய்கிறவர்களுக்கு மட்டுமே இந்த சிஸ்டம். பல வருஷம் ஓடிய தண்ணீர் கூலரோடு எனக்கு நெருங்கிய பழக்கம் கிடையாது. ஆகவே அது நீடிக்காது என்று சொல்ல மாட்டேன்; கவனிக்க வேண்டிய பொருட்களின் எண்ணிக்கை மூன்று மடங்கு என்று மட்டும் சொல்கிறேன்.

முன்னால் வைப்பதற்கும் பராமரிப்பு உண்டு, அதை மறைக்கக் கூடாது. இன்டர்கூலர், ஏசி கண்டென்சர், ரேடியேட்டர் மூன்றும் அடுக்காக நிற்கும்போது, நடுவில் செம்மண்ணும் பூச்சியும் உலர்ந்த இலையும் சேரும். வெளியிலிருந்து பார்த்தால் கூலர் பளிச்சென்று இருக்கும், பின்னால் கண்டென்சரின் கீழ்ப்பாதி முழுக்கச் சேறு அப்பியிருக்கும். முதலில் ஏசி குளிர்ச்சி குறையும், பிறகு டெம்பரேச்சர் முள் ஏறும், பழி இன்டர்கூலர் மேல் விழும். இதற்குத் தீர்வு கட்டும்போதே இருக்கிறது. கூலரை நாலு போல்ட்டில், ரப்பர் புஷ் வைத்து மாட்டுங்கள். மேலே இரண்டைக் கழற்றினால் கீழே இரண்டில் முன்பக்கம் சாய வேண்டும். கண்டென்சருக்கும் கூலருக்கும் நடுவில் 15 மிமீ இடைவெளி விடுங்கள். கழுவும்போது சாய்த்துப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, சாதாரண ஹோஸ் தண்ணீரில் கழுவினாலே போதும். பிரஷர் வாஷரைப் பக்கத்தில் பிடித்தால் ஃபின் மடங்கிவிடும், மடங்கிய ஃபின் வழியே காற்று போகாது.

கடலோர இசிஆர் சாலை ஓரம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு ஒன்று கூடுதலாக. உப்புக் காற்றில் அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். இரும்பு பிராக்கெட்டுக்கும் கூலருக்கும் நடுவில் ரப்பரோ நைலான் வாஷரோ கட்டாயம் வேண்டும்.

இனி கட்டும் விதம். முகம் 450க்கு 300 மிமீ, தடிமன் 50 முதல் 60 மிமீ உள்ள கோர் இந்த அளவு இன்ஜினுக்குப் போதும். 76 மிமீ கோரைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். கோரின் பின்பாதிக்கு வருவது முன்பாதியில் ஏற்கெனவே சூடான காற்று, ஆகவே தடிமன் கூடக் கூட லாபம் சுருங்கும், ரேடியேட்டருக்குப் போகும் காற்றோ உண்மையாகவே குறையும். முகத்தைப் பெரிதாக்குங்கள், தடிமனை அல்ல. பட்டைகளையும் தகடுகளையும் அடுக்கிய பார் அண்ட் பிளேட் கோர் கனம் அதிகம், கல்லடி தாங்கும், வெல்டிங்கும் தாங்கும். மெல்லிய குழாய்களால் ஆன டியூப் அண்ட் ஃபின் லேசு, பின்னால் காற்றை நன்றாக விடும், ஆனால் வெல்டிங்கில் கை தேர்ந்தவர் வேண்டும். காட்டுப் பாதையில் ஓடுகிற வண்டிக்கு முதல் வகை. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பழைய இன்டர்கூலர்கள் கிடைக்கும். கோரின் இரு முனையிலும் வரும் எண்ட் டேங்க் பிளாஸ்டிக்கில் இருந்து, தகட்டை மடித்துப் பிடித்த வகையை எடுத்து வெட்டி ஒட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள், வெல்டிங்குக்குப் பிடிமானம் இருக்காது. உள்ளே எண்ணெய் ஊறிய பழைய கோரிலும் வெல்டிங் நிற்காது, ஊசித் துளைகளாக வரும்.

எண்ட் டேங்குக்கு 3 மிமீ 3003 அலுமினியத் தகடு நன்றாக வளையும். அம்பத்தூர், பாடி, கிண்டி பக்கம் ஆர்கான் வெல்டிங் செய்யும் பட்டறைகளில் கொடுக்கும்போது மூன்று விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள். ஏசி (மாறுதிசை) கரன்ட்டில், சுத்த ஆர்கானில் செய்ய வேண்டும். வெல்டிங் கம்பி 4043 வகை. 5356 கம்பி 65 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடாகிற இடத்துக்கு ஆகாது, டர்போ பக்க டேங்க் அதைத் தாண்டித்தான் இருக்கும். மூன்றாவது, ஒரே ஓட்டமாக ஓட்டாமல் இரண்டு மூன்று செ.மீ. போட்டு, எதிர்ப்பக்கம் போய், ஆற விட்டுத் தொடர வேண்டும். கோரின் தகடுகளைப் பிடித்திருப்பது சிலிக்கான் கலந்த அலுமினிய ஒட்டு (பிரேசிங்). அது 577 டிகிரியிலேயே உருக ஆரம்பிக்கும். டேங்க் வெல்டிங் கண்ணாடி மாதிரி இருந்தும் அதற்கு ஒரு விரல்கடை தள்ளி கோரின் பட்டை ஓரத்தில் கசிந்தால் காரணம் இந்தச் சூடுதான்.

வெல்டிங் முடிந்ததும் உள்ளே தண்ணீர் விட்டுக் குலுக்கி, காற்றடித்து, மறுபடியும் செய்யுங்கள். இன்டர்கூலருக்குப் பிறகு ஃபில்டர் எதுவும் கிடையாது. உள்ளே தங்கிய ஒரு அலுமினியத் துணுக்கு நேராக வால்வுக்குத்தான் போகும். பிறகு இரு வாயையும் அடைத்து, ரெகுலேட்டர் வைத்து 1.5 பார் காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் பத்து நிமிடம் முக்கிப் பாருங்கள். அடைப்பைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டுச் செய்ய வேண்டும், முகத்தை அதன் எதிரே வைக்கக் கூடாது.

பைப் 2 இன்ச் போதும், குளிர்ந்த பக்கம் வேண்டுமானால் இரண்டரை. 3 இன்ச் போட்டால் நிரப்ப வேண்டிய இடம்தான் கூடும். ஒவ்வொரு முனையிலும் ஹோஸ் நழுவாமல் இருக்க உதடு (சற்றே எழும்பிய விளிம்பு) உருட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த கிளாம்ப்பும் நாளடைவில் விடும். டீசல் இன்ஜின் அணைக்கும்போது நன்றாகவே குலுங்கும். இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் இரண்டு பைப்பிலும் தலா ஒரு ஹம்ப் ஹோஸ் (குலுக்கத்தை வாங்கிக்கொள்ளும், நடுவில் புடைத்த ஹோஸ்) வேண்டும். பிரீதர் (இன்ஜின் உள்ளிருக்கும் வாயு வெளியேறும் குழாய்) வழியே எண்ணெய்ப் புகை இன்டேக்கில் போகிற வண்டியில் சாதாரண சிலிகான் ஹோஸ் உள்ளே ஊறி மெத்தென்று ஆகிவிடும். டர்போ பக்கத்துக்காவது ஃப்ளூரோசிலிகான் உள்பூச்சு உள்ளதை வாங்குங்கள், பிரீதரில் எண்ணெயைப் பிடித்துவைக்கும் ஒரு கேட்ச் கேன் வையுங்கள். மெக்கானிக்கல் டீசல் பம்ப் வண்டியில், பம்ப்புக்கு பூஸ்ட் அளவைச் சொல்லும் சிக்னல் குழாயை கூலருக்குப் பின், இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து எடுக்க வேண்டும்.

கூலரின் நாலு பக்கமும் ரப்பர் ஷீட்டால் அடைப்பது பலரும் விட்டுவிடும் வேலை. காற்று எளிதான வழியில்தான் போகும். ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் கோர் வழியே ஏன் போகப் போகிறது? முன்னால் கனத்த புல் பார் (பம்பருக்கு முன் கட்டும் இரும்புத் தடுப்பு) இருந்தால் அதுவும் காற்றை மறைக்கும். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைச் சட்டவிரோதம் என்று அறிவித்துவிட்டது, கழற்றிவிடுங்கள்.

வெள்ளத்தில் இறங்கும் வண்டிக்கு முன்பக்கக் கூலரின் கீழ் ஹோஸ்தான் பலவீனம். வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐடிலில் பூஸ்ட் கிட்டத்தட்ட பூஜ்யம். அந்த நேரத்தில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு ஜாயின்ட் தளர்ந்திருந்தால், அதன் வழியே தண்ணீர் உள்ளே வரும். ஸ்னார்கல் (உயரத்திலிருந்து காற்றை எடுக்கும் குழாய்) வைத்திருந்தாலும் இதற்குப் பயனில்லை. பைப் போகும் வழியை முடிந்த அளவு உயரமாக எடுங்கள், மழைக்காலத்துக்கு முன் கிளாம்ப் எல்லாவற்றையும் பாருங்கள்.

மாட்டி முடித்ததும் பூஸ்ட் கேஜில் முள் முன்பைவிடச் சற்றுக் கீழே நிற்கலாம், பயப்பட வேண்டாம். கூலருக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்து வித்தியாசம் 0.1 பாருக்குள் இருந்தால் கோரில் குறையில்லை. டீசல் பம்ப்பை டியூன் செய்யாமல் இன்டர்கூலர் மட்டும் வைத்தால் பெரிய பவர் எதிர்பார்க்காதீர்கள். புகை குறையும், எக்ஸாஸ்ட் வெப்பம் இறங்கும், ஏற்றத்தில் இன்ஜின் திணறுவது குறையும். டீசலைக் கூட்டுவதாக இருந்தால் அதற்கு முன் எக்ஸாஸ்ட் வெப்பக் கேஜ் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், டர்போவுக்கு முன்னால் 700 டிகிரியைத் தொட்டால் காலை எடுங்கள். முதல் நீண்ட ஓட்டம் முடிந்து இன்ஜின் ஆறியதும் எல்லா கிளாம்ப்பையும் ஒரு முறை திரும்ப இறுக்குங்கள். புது சிலிகான் சூட்டில் அமுங்கியிருக்கும்.