கீமோ குமட்டலுக்கு மாத்திரையோடு கூட எனக்குக் கைகொடுத்தவை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கீமோவுக்குப் பிறகு வரும் வாந்தியை நிறுத்துவது மருந்துதான். ஆன்டன்செட்ரான், டெக்ஸாமெத்தசோன் என்று எழுதிக்கொடுத்தவற்றை வேளை தவறாமல் எடுத்துக்கொண்டுதான் கீழே சொல்லும் எல்லாவற்றையும் செய்தேன். ஆனால் வாந்தி அடங்கிய பிறகும் நாள் முழுக்க வயிற்றைப் புரட்டிக்கொண்டே இருக்குமே, அது மாத்திரைக்கு முழுசாக அடங்கவில்லை. அதற்குத்தான் மருந்தில்லாத வழிகள் தேவைப்பட்டன. எல்லாமே ஒரே அளவுக்கு உதவவில்லை.

எனக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து, டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்ந்த ‘ஏசி’ கீமோ, 21 நாளுக்கு ஒருமுறை. சிவப்பு மருந்து என்றால் வார்டில் எல்லோருக்கும் தெரியும். குமட்டலை அதிகம் கிளப்பும் மருந்துக் கூட்டுகளில் இது ஒன்று.

எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது வாசனையைத் தள்ளி வைத்ததுதான். எங்கள் வீட்டு அடுப்படிக்குக் கதவு கிடையாது. கடுகு வெடித்தாலே வாயில் எச்சில் ஊற ஆரம்பித்துவிடும். அதனால் மருந்து ஏறிய முதல் சில நாட்களுக்குத் தாளிப்பு, மீன், வெங்காயம் வதக்குவது எல்லாம் பக்கத்துத் தெரு நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே சமைத்து, மூடி எடுத்து வந்து, சூடு தணிந்த பிறகுதான் என் முன்னால் திறப்பார்கள். சூடான சோற்றின் ஆவியோடு வாசனையும் கிளம்பி மூக்கில் ஏறும். ஆறின இட்லி, தயிர்சாதம், உப்புப் போட்ட புழுங்கலரிசிக் கஞ்சி ஆகியவை தொல்லை தரவில்லை. அன்றன்று சமைத்ததை மட்டும்தான் இப்படி ஆறவிட்டோம். பழைய சோறு வயிற்றுக்கு இதம்தான், ஆனாலும் வெள்ளை அணுக்கள் குறைந்து கிருமி எளிதில் தொற்றும் காலம் என்பதால் டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். தெருவோர ஜூஸுக்கும் அதே பதில்.

எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் குடித்தால் இரும்பைச் சப்புவது போல இருந்தது. பீங்கான் கோப்பைக்கும் மரக்கரண்டிக்கும் மாறினதும் அது நன்றாகவே குறைந்தது. வயிறு காலியாக இருந்தால் புரட்டல் கூடும். அதனால் தலைமாட்டில் ரஸ்க்கும் பொரியும் வைத்திருந்து, எழுந்திருக்கும் முன்பே கொஞ்சம் மென்றுவிடுவேன்.

முதல் கீமோ அன்று நர்ஸ் ஒருவர் சொன்னது: “அம்மா, உங்களுக்கு ரொம்பப் பிடிச்சதை இன்னிக்குக் கொண்டு வராதீங்க. அப்புறம் அதையே வெறுத்துடுவீங்க.” இது வெறும் அனுபவப் பேச்சு இல்லை. 1978-இல் அமெரிக்காவில் இலீன் பெர்ன்ஸ்டைன் என்ற உளவியலாளர், கீமோ எடுக்கும் குழந்தைகளுக்குச் சிகிச்சைக்கு முன் புதுச் சுவை ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்தார். பிறகு அந்தக் குழந்தைகள் அதே ஐஸ்கிரீமை ஒதுக்கினார்கள். நான் கீமோ நாட்களில் சாதாரண ரவைக் கஞ்சியோடு நின்றுகொண்டேன். அதை இப்போது வாயில் வைக்க முடியாது. ஆனால் எனக்குப் பிடித்த வத்தக்குழம்பு பிழைத்தது.

இஞ்சி பற்றி எல்லோரும் கேட்பார்கள். உதவுகிறது, ஆனால் மிதமாகத்தான். 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 576 பேரிடம், வழக்கமான வாந்தி மருந்தோடு தினம் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சி மாத்திரையும் கொடுத்தபோது, முதல் நாள் குமட்டல் குறைந்தது தெரியவந்தது. எனக்கு இஞ்சி டீயின் வாசனையே ஆகவில்லை. இஞ்சி மரப்பா ஒரு துண்டை வாயில் ஒதுக்கிக்கொள்வது ஒத்துவந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது சரிப்படாது. இரத்தத் தட்டணுக்கள் குறைவாக இருந்தாலோ, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்தாலோ இஞ்சியைக்கூட டாக்டரைக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

அதைவிட எனக்கு நெருக்கமானது உப்பு நார்த்தங்காய். வெயிலில் காய்ந்து கறுத்த சுருளிலிருந்து நகத்தளவு கிள்ளி, கன்னத்தின் ஓரத்தில் அடக்கிக்கொண்டால் போதும். முதலில் உப்பு கரியும், அப்புறம் தோலின் கசப்பு மெல்ல இறங்கும், அந்தக் கசப்பில் புரட்டல் அடங்கும். வாய்ப்புண் வந்த வாரத்தில் மட்டும் கிட்டவே போக முடியவில்லை, எரித்துவிடும்.

குமட்டலுக்காகக் கட்டும் மணிக்கட்டுப் பட்டையும் வாங்கினேன். உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கையை நோக்கி நம் மூன்று விரல் அகலம் தள்ளி, கயிறு போலத் தட்டுப்படும் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே அதன் பொத்தான் அழுத்த வேண்டும். அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கையில் இறுக்கமாக எதுவும் கட்டக்கூடாது என்பதால், மறு கையில், டிரிப்ஸ் கழற்றிய பிறகுதான் போட்டேன். காரில் வீடு திரும்பும்போது ஓரளவு நிம்மதி தந்தது. ஆனால் 2013-இல் பிரிட்டனில் 500 பேரிடம் நடந்த சோதனையில் நிஜப் பட்டைக்கும் போலிப் பட்டைக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பட்டையை நம்பி மட்டும் இருக்காதீர்கள். துவைக்கத் துவைக்க எலாஸ்டிக்கும் தளர்ந்துவிடும்.

சில சுழற்சிகளுக்குப் பிறகு இன்னொன்று வந்தது: மருந்து ஏறும் முன்பே குமட்டல். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்பிரிட் வாசனை பட்டதும் வயிறு சுருட்டிக்கொள்ளும். உடல் பழக்கத்தில் கற்றுக்கொண்ட குமட்டல் இது. ஒருமுறை வேர்விட்டால் இதற்கு வாந்தி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. இதற்குக் கைகொடுத்தது ஒரு தசைப் பயிற்சி: கால் விரலில் தொடங்கி ஒவ்வொரு தசையாகச் சில நொடி இறுக்கி, மூச்சை விட்டுக்கொண்டே தளர்த்தி, தாடை வரை வர வேண்டும். ஆஸ்பத்திரி மனநல ஆலோசகர் சொல்லிக்கொடுத்தார். முதல் கீமோவுக்கு முன்பே வீட்டில் பழகிக்கொண்டால் இன்னும் நல்லது என்று அவர் சொன்னதை இனி சிகிச்சை தொடங்கப் போகிறவர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன்.

தண்ணீர்கூட ஒரு நாள் முழுக்க வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் குறைந்து அடர்நிறமாகப் போகிறது, தலை சுற்றுகிறது என்றால் இவை எதையும் முயன்றுகொண்டிருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரியைக் கூப்பிடுங்கள். இருக்கிற மாத்திரை போதவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். வேறு மருந்துகள் இருக்கின்றன, மாற்றித் தருவார்கள்.

கீமோ முடிந்துவிட்டது. பட்டையும் ரஸ்க் டப்பாவும் எப்போதோ போய்விட்டன. செக்கப்புக்குப் போகும் நாளில் அந்தத் தசைப் பயிற்சி மட்டும் இன்னும் தேவைப்படுகிறது, ஆட்டோவில் உட்கார்ந்தே செய்துவிடுகிறேன்.