பேசும் வரமும் உதவும் வரமும்

இயேசுவின் சீடரான பேதுரு, வேதாகமத்தில் உள்ள தன் முதல் நிருபத்தில், அதாவது கடிதத்தில் (4:10-11), கடவுள் தரும் வரங்களை இரண்டே வகையாகச் சொல்கிறார்: பேசுவது, உதவி செய்வது. இரண்டுமே கடவுளின் கிருபைதான் என்கிறார்.

பேசும் வரம் எல்லாருக்கும் தெரியும். திருகோணமலையில் எங்கள் ஆராதனை முடிந்ததும் "இண்டைக்கு நல்ல செய்தி, பாஸ்டர்" என்று கை கொடுக்கிறோம். கொடுக்கத்தான் வேண்டும். அந்த அரை மணி நேரத்துக்குப் பின்னால் ஒரு வாரத்து வாசிப்பும் ஜெபமும் இருக்கிறது.

உதவும் வரம் அப்படிக் கண்ணில் படாது. நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு அக்கா, நாங்கள் போகும் முன்பே கதிரைகளைத் துடைத்து அடுக்கிவிடுவார். என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு நாளும் சோறும் சொதியும் கட்டிக்கொண்டு வந்தார்; அம்மாவுக்குத் தலை வாரிவிட்டார். அந்த நாட்களில் எனக்கு எந்தப் பிரசங்கமும் நினைவுக்கு வரவில்லை, அந்தச் சோற்றுப் பார்சல்தான் ஆறுதல்.

எது பெரிது? வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில், ஆதிச் சபையார் விதவைகளுக்கான சாப்பாட்டுப் பந்தியைக் கவனிக்க ஏழு பேரைத் தெரிவு செய்கிறார்கள். அங்கே பந்திப் பணிக்கும், கடவுளின் வார்த்தையைப் போதிக்கும் வசனப் பணிக்கும் கிரேக்க மூலத்தில் ஒரே வேர்ச்சொல்தான். அந்த ஏழு பேரில் ஒருவரான ஸ்தேவான் அடுத்த அதிகாரத்தில் நீண்ட பிரசங்கமே செய்கிறார்! ஆக, ஒருவரை ஒரே வரத்துக்குள் அடைத்துவைக்கவும் கூடாது.

ஆனாலும் எங்கள் சபையில் தராசு பேச்சின் பக்கமே சாய்ந்திருக்கிறது. வரும் ஞாயிறு அந்த அக்காவையும் பெயர் சொல்லி ஜெபத்தில் நினைக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன். அப்புறம், கதிரை அடுக்க நானும் நேரத்தோடு போவேன்.